டர்பனில் நம்ம கிளினிக்: யார் திட்டமிடுகிறார்கள், யாரிடம் கேட்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதிக்குக் குடிவந்த இரண்டாவது மாதம். மாமியாருக்குப் பிரஷர் மாத்திரை வாங்க விடியற்காலை ஐந்து மணிக்கே கிளினிக் வாசலில் மடக்கு நாற்காலியோடு உட்கார்ந்துவிட்டோம். எங்கள் முறை வந்தபோது மணி பத்தே முக்கால். "அந்த மாத்திரை வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார் சிஸ்டர். நான் குரலை உயர்த்திவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பினார். அந்த மாத்திரையின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது, பக்கத்தில் மூன்று தேதிகள். மூன்று முறை கேட்டு அனுப்பியிருக்கிறார். மூன்று முறையும் கேட்டதில் பாதிதான் வந்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். சரி, சிஸ்டர் கையில் இல்லையென்றால் வேறு யார் கையில் இருக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது, எங்கள் வட்டாரக் கிளினிக் கமிட்டிக் கூட்டங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து. கோயில் பணிக்கு வந்த குடும்பங்கள், கம்பெனி வேலைக்கு வந்த பிள்ளைகள், கல்யாணமாகி வந்த பெண்கள் என்று ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்காக, எந்த மேசையில், எந்த மாதத்தில், கையில் என்ன வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், உங்கள் உரிமை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு எல்லோருக்கும் மருத்துவ சேவை பெறும் உரிமை உண்டு என்கிறது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அதே பிரிவு தனியாகவும் சொல்கிறது. 2003-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் (61-ஆம் எண்) இதை விரித்துச் சொல்கிறது: கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், இவர்கள் தனியார் மெடிக்கல் எயிடில் (மருத்துவக் காப்பீட்டில்) இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். கிளினிக்கில் கிடைக்கும் அடிப்படைச் சிகிச்சையும் மெடிக்கல் எயிட் இல்லாதவர்களுக்கு இலவசம். நாட்டுக்குடிமகன் இல்லை, காகிதம் சரியில்லை என்று சொல்லி கர்ப்பிணியையும் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2023 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

மருத்துவமனைக்குப் போனால் கணக்கு வேறு. அங்கே வருமானத்தைப் பார்த்து எச்-0, எச்-1, எச்-2, எச்-3 என்று கட்டணப் பிரிவுகளாகப் பிரிப்பார்கள். சம்பளச் சீட்டு, விசா ஒட்டிய பாஸ்போர்ட், வீட்டு முகவரிக்கு ஒரு ஆதாரம், மூன்றையும் முதல் நாளே கொண்டுபோங்கள். காகிதம் காட்டாவிட்டால் முழுக் கட்டணம் போட்டுவிடுவார்கள். அதை அப்புறம் மாற்ற அலைய வேண்டியிருக்கும்.

2025-இல் டர்பனிலும் சில இடங்களில் கிளினிக், மருத்துவமனை வாசலில் கூட்டமாக நின்று அடையாள அட்டை கேட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பியது நடந்தது. நம்மவர்கள் சிலரும் பயந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் நிற்கும் வெளியாள் யாருக்கும் உங்கள் காகிதத்தைக் கேட்கும் அதிகாரம் கிடையாது. அதே ஆண்டு நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அப்படிச் செய்த ஓர் அமைப்புக்குத் தடை போட்டது. ஆனால் அந்த இடத்தில் தனியாக நின்று வாதாடாதீர்கள். கிளினிக் மேனேஜரின் தொலைபேசி எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசல் பலகையைப் படியுங்கள்

டர்பன் முழுவதும் எத்தேக்வினி மாநகராட்சிக்குள் வருகிறது. இங்கே இரண்டு வகை அரசு கிளினிக்குகள் உண்டு. ஒன்று குவாசூலு-நட்டால் மாகாண சுகாதாரத் துறை நடத்துவது, இன்னொன்று மாநகராட்சியே நடத்துவது. உள்ளே போனால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் மேனேஜர் யாருக்குப் பதில் சொல்கிறார், நர்ஸ் காலியிடத்தை யார் நிரப்புகிறார்கள், கூரை ஒழுகினால் யார் சரிசெய்ய வேண்டும் என்பதெல்லாம் வேறு வேறு. பலகையில் எந்தச் சின்னம் இருக்கிறது என்று பாருங்கள். தவறான அலுவலகத்துக்கு மனு எழுதி நாங்கள் நான்கு மாதத்தை வீணாக்கியிருக்கிறோம்.

எந்த கிளினிக்காக இருந்தாலும் சில வேலைகள் மாநகராட்சியைச் சேர்ந்தவைதான்: குடிநீரின் தரம், உணவுக் கடைகளின் சுத்தம், குப்பை, எலி, கொசு, தொற்றுநோய்க் கண்காணிப்பு, இறந்தவர்களின் உடல் அடக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் தண்ணீர் நிலையம் அடித்துப்போனபோது அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருந்து கொடுப்பது கிளினிக். அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டியது மாநகராட்சியின் சுற்றுப்புற சுகாதாரப் பிரிவு. இரண்டு இடத்திலும் சொன்னால்தான் வேலை நடக்கும்.

வீட்டில் முறுக்கு, அதிரசம் சுட்டு விற்கலாம் என்று நினைக்கிற அக்காமார்களும் போக வேண்டியது அதே பிரிவுக்குத்தான். 2018-இல் வந்த ஆர்-638 விதிப்படி உணவு விற்கும் இடத்துக்கு ஒரு ஏற்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதிகாரி நேரில் வந்து கை கழுவும் இடம், தண்ணீர், சமையல் மேடை எல்லாம் பார்த்துவிட்டுத் தருவார்.

பெயரைப் பதியுங்கள், எண்ணிக்கையில் இடம் பிடியுங்கள்

இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். கிளினிக்கில் நர்ஸின் மேசையில் ஒரு கோடு போட்ட பதிவேடு இருக்கும். ஒவ்வொரு ஆள் உட்கார்ந்து எழுந்ததும் அதில் ஒரு குறி போடுவார். ஐந்து வயதுக்குக் கீழா, மேலா, பிரஷரா, சுகரா, கர்ப்பமா, தடுப்பூசியா என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாதக் கடைசியில் அந்தக் குறிகளைக் கூட்டி மாவட்ட சுகாதாரத் தகவல் முறையில் ஏற்றுகிறார்கள். எத்தனை நர்ஸ் வேண்டும், எவ்வளவு மருந்து வேண்டும் என்ற கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. மத்திய அரசு மாகாணங்களுக்குப் பணம் பிரிக்கும் சூத்திரத்திலும் மெடிக்கல் எயிட் இல்லாத மக்கள்தொகையோடு கிளினிக் வருகைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு சிறு பங்கு உண்டு.

நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன ஆளுக்கு அந்தப் பதிவேட்டில் குறி கிடையாது. மதியம் மூன்று மணிக்கு வந்து "நாளைக்கு வா" என்று கேட்டுப் போனவருக்கும் கிடையாது. அந்தத் தேவை யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடுகிறது. அதனால் பதிவு செய்யும்போது உங்கள் உண்மையான முகவரியைக் கொடுங்கள். சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்து வேறு கிளினிக்குக்குப் போகிற பழக்கம் இருக்கிறது. அது உங்கள் தெருவின் கணக்கைக் குறைத்துவிடும்.

இந்த எண்ணும் வேலைக்கு நம் மாகாணத்திலேயே பெரிய வரலாறு உண்டு. 1940-இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி நட்டாலின் தெற்கே போலேலாவில் ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்பி, யார் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தக் குழந்தை எடை குறைந்திருக்கிறது என்று எழுதினார்கள். அதைப் பார்த்துத்தான் காய்கறித் தோட்டம் போடுவதா, கழிப்பறை கட்டுவதா என்று முடிவெடுத்தார்கள். ஊரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் செய்யும் அந்த முறை பிறகு உலகம் முழுக்கப் போனது. இன்று உங்கள் கதவைத் தட்டும் சமுதாய சுகாதாரப் பணியாளர் அந்த வழியில் வந்தவர்தான். அவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். "சனிபோனானி" என்று ஜூலுவில் வணக்கம் சொல்லி உட்காரவைத்து, கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

பணம் எந்த மாதத்தில் முடிவாகிறது

மாகாணத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி மத்திய அரசிலிருந்து வருகிறது. ஒரு பகுதி பொதுப் பங்காக வரும், அதை எதற்குச் செலவழிப்பது என்பதை மாகாணம் முடிவுசெய்யும். இன்னொரு பகுதி நிபந்தனையோடு வரும். எச்ஐவி, காசநோய் போன்றவற்றுக்கு என்று குறித்து வருவதை வேறு எதற்கும் தொட முடியாது. நாட்டில் 52 சுகாதார மாவட்டங்கள், நம் மாகாணத்தில் 11, எத்தேக்வினி அதில் ஒன்று. ஒவ்வொரு மாவட்ட மேலாளரும் மாவட்ட சுகாதாரத் திட்டம் எழுதி முன்வைக்க வேண்டும் என்று தேசிய சுகாதாரச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு சொல்கிறது.

காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மாகாண நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். மாநகராட்சிக்கோ ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான மாகாணத் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தே எழுதப்படுகிறது. ஜனவரியில் போய் "இந்த வருடம் ஒரு நர்ஸ் கூடுதலாகக் கொடுங்கள்" என்று கேட்டால், பாவம், மேனேஜரால் ஒன்றும் செய்ய முடியாது. கதவு எப்போதோ மூடியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கேளுங்கள்.

மாநகராட்சி விஷயம் என்றால் நேரம் ஏப்ரல், மே. மார்ச் முடிவதற்குள் வரைவு பட்ஜெட்டையும் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தின் ஆண்டுத் திருத்தத்தையும் மன்றத்தில் வைத்தாக வேண்டும். பிறகு மக்களின் கருத்தைக் கேட்பார்கள். கூட்டம் எங்கே என்று வார்டு கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்கலாம். உங்கள் வார்டு எண் தெரியாவிட்டால் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், வந்துவிடும்.

சேவையை எப்படி வாங்குகிறார்கள்

எல்லாவற்றையும் அரசு ஊழியரே செய்வதில்லை. இதைப் புரிந்துகொண்டால் எந்தக் குறைக்கு யார் பொறுப்பு என்பது தெளிவாகும்.

மாமியாரின் அம்லோடிபின் மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கில் எந்த மருந்து இருக்க வேண்டும் என்பதை தேசிய அளவில் நிபுணர் குழு பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலை வைத்து தேசிய சுகாதாரத் துறை டெண்டர் விட்டு, எந்தக் கம்பெனி என்ன விலைக்குத் தருவது என்று ஒப்பந்தம் போடுகிறது. மாகாணம் அந்த ஒப்பந்தத்தில் ஆர்டர் கொடுக்கிறது. டர்பனில் இருக்கும் மாகாண மருந்துக் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் பிரிகிறது. கம்பெனி தாமதித்தாலும், மாகாணம் பழைய பில்லைக் கட்டாமல் இழுத்தாலும், கிளினிக் குறைவாக ஆர்டர் போட்டாலும் ஜன்னலில் நமக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "வரவில்லை." அதனால் எப்போதும் இன்னொரு கேள்வி கேளுங்கள்: "கிடங்கிலேயே இல்லையா, இங்கே மட்டும் இல்லையா?" இங்கே மட்டும் இல்லையென்றால் பக்கத்துக் கிளினிக்கிலிருந்து வாங்கித் தர மேனேஜரால் முடியும்.

இரத்தப் பரிசோதனை கிளினிக்கின் வேலை இல்லை. குழாயில் எடுத்து தேசிய சுகாதார ஆய்வகச் சேவைக்கு அனுப்புவார்கள், அதற்கு மாகாணம் கட்டணம் கொடுக்கிறது. காவல், துப்புரவு போன்றவையும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்கள்தான். கேட்டோ மேனரில் 2002-இல் திறந்த இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனையில் டாக்டரும் நர்ஸும் அரசு ஆட்கள், கருவிகளும் கணினியும் கட்டடப் பராமரிப்பும் ஒரு தனியார் கூட்டமைப்போடு போட்ட நீண்டகால ஒப்பந்தத்தில் வந்தவை. (அங்கே நேராகப் போய் நிற்க முடியாது, கிளினிக்கிலிருந்து படிப்படியாக ரெஃபரல் கடிதத்தோடுதான் போக வேண்டும்.)

புதிதாக வந்தவர்களுக்கு உடனே பயன்படுவது ஒன்று உண்டு. பிரஷர், சுகர் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்கள் மாதாமாதம் விடியற்காலை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நாட்பட்ட நோய்க்கான மருந்தை ஒரே இடத்தில் பொட்டலம் கட்டி, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மருந்துக்கடைக்கே அனுப்பும் திட்டம் 2014 முதல் நடக்கிறது. டாப்லாப் மெட்ஸ் என்ற பெயரில் விளம்பரப் பலகை பார்த்திருப்பீர்கள். அந்தக் கடைக்குப் பணம் கொடுப்பது அரசு, நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். சிஸ்டரிடம் "எங்கள் அம்மாவை அதில் சேர்க்க முடியுமா" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் சொல்லமாட்டார்கள். என் மாமியார் இப்போது காய்கறி வாங்கப் போகும் வழியில் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்.

கிளினிக் கமிட்டி

சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி கிளினிக்குக்கு ஒரு கமிட்டி வேண்டும். வார்டு கவுன்சிலர் ஒருவராவது, அந்தப் பகுதி மக்களில் ஒருவராவது, கிளினிக் தலைவர், இவர்கள் இருக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கு இதே போல போர்டு உண்டு. உறுப்பினர்களின் பெயர் காத்திருக்கும் இடத்துச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லையென்றால் கேளுங்கள். சில கிளினிக்குகளில் கமிட்டி பெயருக்குத்தான் இருக்கிறது, கூட்டம் நடந்து வருடமாகியிருக்கும். அங்கே உங்கள் முதல் வேலை கூட்டத்தைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுப்பது.

நீங்களே உறுப்பினராக வேண்டும் என்பதில்லை. உறுப்பினர் ஒருவரைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றும்போது முன்னால் நிற்கிற ஆன்ட்டியாகவே இருப்பார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ் அதிகம் வராது, ஆனால் அலுவலகத்தில் யார் கதவைத் தட்டினால் திறக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த உறவை வளர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ஜூலு பேசும் அம்மாக்களும் நம்மைப் போலவே அதே வரிசையில் நின்றவர்கள்தான். அவர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால்தான் அது ஊரின் கோரிக்கை.

எங்கள் கமிட்டி செய்த ஒன்றைச் சொல்கிறேன். மதியத்துக்கு மேல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடம் கூட்டத்தில் பேசினோம், எழுந்து நின்று திட்டியும் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் ஒரு பள்ளி நோட்டோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஆறு வாரம். திரும்பிப் போகும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு: நேரம், தெரு, எதற்காக வந்தார். பெயர் எழுதவில்லை. அது அந்தரங்கம், எழுதவும் கூடாது. ஜூலை மாதக் கூட்டத்தில் அந்த நோட்டை மேனேஜரிடம் கொடுத்தோம். அவர் அதை மாவட்ட ஆய்வுக் கூட்டத்துக்கு எடுத்துப்போனார். அவருக்கும் அப்படி ஒரு தாள் வெகுநாளாகத் தேவைப்பட்டிருக்கிறது. மறு ஏப்ரலில் மதியத்துக்கு ஒரு நர்ஸ் கூடுதலாக வந்தார். சனிக்கிழமையும் திறக்க வேண்டும் என்று கேட்டது இன்னும் கிடைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

கமிட்டி நன்றாக நடந்தாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா எச்ஐவி உதவியை நிறுத்தியபோது, அந்தப் பணத்தில் வேலை பார்த்த ஆலோசகர்கள் திடீரென்று காணாமல் போனார்கள். அதுவரை அவர்கள் மாகாண ஊழியர்கள் இல்லை என்பதே பலருக்குத் தெரியாது. உங்கள் கிளினிக்கில் யாருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கமிட்டியில் ஒருமுறையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புகார் கொடுப்பது எப்படி

முதலில் கிளினிக் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், நடந்தது, என்ன வேண்டும், இந்த நான்கும் போதும். கோபத்தை எழுதாதீர்கள். ஒரு நகலில் முத்திரை வாங்குங்கள். 25 வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. தீராவிட்டால் மாவட்ட அலுவலகம், பிறகு மாகாணத் துறை, அதற்கும் மேலே சுகாதார ஆம்பட் எனப்படும் புகார் விசாரணை அலுவலகம். கௌடெங் மாகாணத்தில் மனநோயாளிகளை லைஃப் எசிடிமெனி இல்லங்களிலிருந்து தகுதியில்லாத தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றி, அதில் பலர் இறந்ததை விசாரித்து விரிவாக எழுதியது அந்த அலுவலகத்தின் 2017 அறிக்கைதான். சேவையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

திட்டமோ ஒப்பந்தமோ கையில் வேண்டுமென்றால் 2000-ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

தேசிய மருத்துவக் காப்பீடு வரப்போகிறதே என்று கேட்பீர்கள். அதற்கான சட்டத்தில் ஜனாதிபதி 2024 மே 15-இல் கையெழுத்துப் போட்டார். ஒரே நிதியிலிருந்து அரசு, தனியார் இரண்டிடமும் சேவையை வாங்குவது அதன் யோசனை. நீதிமன்றத்தில் வழக்குகள் நடக்கின்றன. உங்கள் கிளினிக்கில் அதனால் எதுவும் மாறிவிடவில்லை, இப்போதைக்கு மேலே சொன்ன வழிதான்.

ஆம்புலன்ஸ் எண் 10177, கைபேசியிலிருந்து 112. அதோடு கிளினிக் மேனேஜர், கமிட்டி ஆன்ட்டி, வார்டு கவுன்சிலர் அலுவலகம், மூன்று எண்களையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும் நேரத்தில் அவர்கள் கண்ணில் படும் உயரத்தில்.